வெடியில்லாத் தீவு

டிசம்பர் முப்பத்தொன்று, பிற்பகல் இரண்டரைப் படகு.
எங்களுக்கு முன்னால் பதினோரு கார்கள்.
எல்லாவற்றிலும் நாய், பாதியில் பிள்ளைகள்,
ஓட்டும் இருக்கையில் ஒன்றுவிடாமல் மனைவிமார்.
பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஏன் என்று ஆஸ்கெர் கேட்கவில்லை.
அவசர வழி எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

போன வருடம் ஓல்போரில்
நாலு மணிக்கே தெருவில் வாணவெடி தொடங்கிவிட்டது.
அவன் குளியலறையில், தண்ணீரில்லாத தொட்டிக்குள்,
மரம் அறுப்பவர்கள் மாட்டும் காதடைப்போடு.
நான் கதவுக்கு இந்தப் பக்கம் மிதியடிமேல்.
டில்டே குப்புறப் படுத்து
கதவின் அடியிடுக்கு வழியே
ஒவ்வொன்றாய் பிஸ்கட் தள்ளினாள்.
மூன்று போயிற்று.
நான்காவது திரும்பி வந்தது,
பாதி கடித்து, அவள் பங்கு மீதம் வைத்து.

ஹெல்மண்டிலிருந்து அவன் வந்து பதினாறு வருடம்.
வந்துவிட்டான் என்பது ராணுவத்தின் கணக்கு.
நகராட்சிப் படிவத்தில் அவனுக்கு நாற்பத்திரண்டு கட்டங்கள்:
தூக்கம், கோபம், கூட்டம், குடி.
எனக்கு ஒன்று.
‘உடன் வசிப்பவர் உண்டா?’
உண்டு என்று எழுதினேன்,
ஒரு வருடம் நன்றாக யோசித்துவிட்டு.

தூங்குகிறவனை நான் தொட்டு எழுப்புவதில்லை.
அறை வாசலில் நின்று பெயர் சொல்வேன்,
இரண்டு முறை, இடைவெளி விட்டு.
டோஸ்டரை விற்றுவிட்டோம்.
பலூன் கட்டிய பிறந்தநாள்களுக்கு
நானும் டில்டேயும் மட்டும் போவோம்.
இதற்குத் தியாகம் என்று யாராவது பெயர் வைத்தால்
கைக்கு எட்டியதை எடுத்து வீசத் தோன்றும்.

தீவில், மூடிப்போன பள்ளிக்கூடம் ஒன்று.
சாவிக்கொத்தோடு பிர்தே நின்றாள்.
அறுபது வயதிருக்கும், மீன் அறுத்துப் பழகிய கைகள்.
வரவேற்புரை கிடையாது.
“பின்கதவைப் பூட்டுவதில்லை.
யார் எழுந்து போனாலும் எங்கே என்று கேட்பதில்லை.
ஏழு மணிக்குச் சாப்பாடு.”

உருளைக்கிழங்கு உரிக்கையில்
என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்:
“நீ தூங்குகிறாயா?”

அவர் தூங்குகிறாரா என்றுதான்
டாக்டர் கேட்பார், மாமியார் கேட்பார்,
டில்டேயின் டீச்சர்கூடக் கேட்பாள்.
என்ன பதில் சொன்னேன், நினைவில்லை.
வாளி நிறைய உரித்திருந்தேன்,
இருபத்தெட்டுப் பேருக்கு அது இரண்டு மடங்கு.
பிர்தே ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.
அடுத்த வாளியை என் பக்கம் நகர்த்தினாள்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று:
பன்னிரண்டு அடிக்கையில் நாற்காலிமேல் ஏறி
புது வருடத்துக்குள் குதிப்போம்.
இங்கேயோ பலகைத் தரை.
மத்தியானமே மெத்தைகளை இழுத்துப் போட்டாயிற்று.
கம்பளிக் காலுறை கட்டாயம்.
யாரும் திடுக்கிடாதபடி
பத்திலிருந்து உரக்க எண்ண வேண்டும்.
டில்டே எண்ணினாள்.
நான்கில் நின்று அப்பாவைப் பார்த்தாள்.
“மேலே எண்ணட்டுமா?”

அறை முழுக்க நாற்காலிமேல் காலுறைகள்.
பன்னிரண்டு தாண்டிவிட்டது.
வருடம் வாசலிலேயே நின்றது,
செருப்பைக் கழற்றலாமா என்று தெரியாத விருந்தாளிபோல.

“மூன்று,” என்றான் ஆஸ்கெர்.

மெத்தையில் ஒரு பொத்.
ஒரு நாய் எழுந்து பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தது.

கொஞ்ச நேரத்தில் அவன் பின்கதவு வழியே போனான்.
நான் பின்னாலேயே ஓடவில்லை.
பாதாம் கேக் தின்றேன். இன்னொன்றும் தின்றேன்.
பிர்தே மாடியறைச் சாவியைக் கையில் திணித்தாள்.
உள்ளே ஒற்றைக் கட்டில்.
“கீழே ஆறு பேர் முறைபோட்டிருக்கிறார்கள்,
ஆளுக்கு ஒரு மணி நேரம்.
காவல் இருக்க அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா?
போய்ப் படு.”

விளக்கை அணைத்தேனா தெரியாது.

ஜன்னலில் வெளிச்சம் இருந்தது.
அறை வாசலில் நின்று,
உள்ளே வராமல்,
யாரோ கூப்பிட்டான்.

ஸோல்வாய்.

பிறகு, இடைவெளி விட்டு,

ஸோல்வாய்.